வீட்டுக்குப் பின்னால் ஒரு பசும்புல் காடு



குழுக் கடனில் மாடு வாங்கின நமக்குக் கோடையில் வைக்கோல் விலைதான் பெரிய பாரம். பால் காசு தீவனத்துக்கே போனா தவணை எப்படிக் கட்டறது? அதனால போன ஆடியில் கொல்லையில் 5 சென்ட்டுக்குத் தொழு உரம் போட்டு, கோ-4 புல் கரணை நட்டேன். முதல் அறுப்பு 75 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. அறுத்ததும் உரம் வைத்துத் தண்ணி பாய்ச்சணும்.

ஐப்பசி மழையில் தண்ணி தேங்காம வடிச்சு விடணும். மார்கழிப் பனியில் புல் மெதுவாத்தான் வளரும், பொறுத்து அறுக்கணும். சித்திரை வெயிலில் வாரம் ஒரு தண்ணி கட்டாயம். புல்லை நறுக்கி, வேலிமசாலும் கலந்து போடுங்க.

இந்தக் கோடையில் வைக்கோல் செலவு பாதியாச்சு. ஒரு தவணையும் தவறலை. கரணை வேணும்னா வாங்க, தர்றேன்.