இறுக்கமான ஆடையும் இருபத்து மூன்று மணி நேரமும்



பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரங்களின் மூக்கும் கன்னமும்தான். அந்தச் சிகிச்சைக்குப் போகும் சாதாரண மக்கள் வேறு. அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்து கை வெந்த இல்லத்தரசி, தொழிற்சாலையில் நீராவி பட்டுத் தோள் வெந்த தொழிலாளி, தீபாவளிப் பட்டாசு கையிலேயே வெடித்த சிறுவன். உலு திராம் போல, ஒரு பக்கம் செம்பனைத் தோட்டமும் மறுபக்கம் தொழிற்பேட்டையும் உள்ள ஊரில் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவிருக்காது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதும் பிளாஸ்டிக் சர்ஜரிதான்.

அறுவை முடிந்து புண் ஆறியதும் "அப்பாடா, முடிந்தது" என்று குடும்பம் பெருமூச்சு விடும். அப்போதுதான் மருத்துவமனையில் ஓர் ஆடையைக் கையில் கொடுப்பார்கள். தோலோடு ஒட்டிப் பிடிக்கும் கையுறை, சட்டை அல்லது காலுறை. பிரஷர் கார்மண்ட், அதாவது அழுத்த ஆடை. ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும். குளிக்கவும் வடுவில் எண்ணெயோ கிரீமோ தேய்த்து நீவவும் மட்டுமே கழற்றலாம். எத்தனை நாளைக்கு? பலருக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை.

எதற்காக இந்தத் தண்டனை என்று கேட்காதவர்கள் இல்லை. புண் மேலே மூடிக்கொண்டாலும் உள்ளே உடம்பு தன் வேலையை நிறுத்துவதில்லை. கொலாஜன் என்ற நார்ப்பொருளை மாதக்கணக்கில் அளவுக்கு மீறிக் குவித்துக்கொண்டே போகும். வடு சிவந்து தடித்துக் கயிறுபோல் எழும்பும், அரிக்கும், சுருங்கும். முழங்கை மடிப்பிலோ விரல் இடுக்கிலோ அப்படிச் சுருங்கினால் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். நிமிர்த்த மறுபடியும் கத்திதான். நம்மவரைப் போன்ற கருமையான தோலில் தடித்த வடு எழும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கூடுதல் என்பதையும் மறக்கக்கூடாது. வெளியிலிருந்து சீராக அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து நார்கள் ஒழுங்காகப் படியும் என்று கருதப்படுகிறது.

இந்த ஆடை பிறந்த கதை சுவையானது. கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் இருந்தார். காலில் நரம்பு சுருட்டல் நோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது, பாதத்தில் அதிகம், மேலே குறைவு. அதே கணக்கில் காலுறை செய்தார். தீக்காய வடுவுக்கும் அது உதவும் என்பது 1970-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் உள்ள ஷிரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்களால் உலகுக்குத் தெரிய வந்தது.

பலன் உண்மையா என்ற சந்தேகம் மருத்துவர்களிடையே இருந்திருக்கிறது, இன்றும் ஓரளவு இருக்கிறது. சியாட்டல் நகரில் 12 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரே நோயாளியின் ஒரே காயத்தில் ஒரு பகுதிக்குச் சரியான அழுத்தமும் இன்னொரு பகுதிக்குக் குறைந்த அழுத்தமும் கொடுத்துப் பார்த்தார்கள். சரியான அழுத்தம் பெற்ற பகுதி மென்மையாகவும் தடிப்புக் குறைந்தும் இருந்தது. ஆனால் வடு ஓரளவுக்கு மேல் கடுமையாக இருந்தவர்களிடம்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. சின்னக் காயத்துக்கெல்லாம் இதைத் தேடி அலைய வேண்டாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஜொகூர் வெயிலையும் புழுக்கத்தையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலு திராமிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்தில் நெரிசலில் நின்று சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒருவர் தோள் முதல் மணிக்கட்டு வரை இந்த ஆடையோடு இருப்பதை எண்ணிப் பாருங்கள். வேர்வை, அரிப்பு, "என்னப்பா இது, கோமாளி வேஷம்?" என்று நண்பர்களின் கிண்டல். மூன்றாவது வாரத்தில் ஆடை அலமாரிக்குப் போய்விடும். கழற்றியவரைக் குறை சொல்வது சுலபம், ஆனால் குறை சொல்வதால் ஒரு கையும் நிமிர்ந்துவிடாது.

செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு ஜோடி கேட்டு வாங்க வேண்டும், ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மற்றொன்று உடம்பில் இருக்கும். கையால் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும், சூடு பட்டால் இழுவை போய்விடும். நன்றாகப் பராமரித்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் துணி தளர்ந்துவிடும். தளர்ந்த ஆடையைப் போட்டிருப்பதும் போடாதிருப்பதும் ஒன்றுதான். அரசாங்க மருத்துவமனைகளில் அளவெடுத்துத் தருவது பெரும்பாலும் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவினர். ஆடை தளர்ந்தாலும் இறுக்கினாலும் தயங்காமல் அவர்களிடமே போக வேண்டும். வேலையிடத்தில் நேர்ந்த காயம் என்றால் சொக்சோ அலுவலகத்தில் செலவு பற்றிக் கேட்கலாம். குழந்தைகளுக்கு உடம்பு வளர வளர அடிக்கடி அளவு மாற்ற வேண்டும்.

அதிகமாக இறுக்கினால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணம் ஆபத்தானது. விரல் நுனி நீலமாவது, மரத்துப்போவது, கொப்புளம் எழுவது, ஆடைக்குக் கீழே கை கால் வீங்குவது, எல்லாம் இறுக்கம் கூடிவிட்டதன் அடையாளம். கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவைகளிலும் இதே ஆடை வருகிறது. லைபோசக்‌ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் பின்னும், வயிற்றுத் தோலைக் குறைக்கும் அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் போடச் சொல்வார்கள். வீக்கம் வடியவும் நீர் சேராமலிருக்கவும்தான் அது. கொழுப்பை அது கரைக்காது. பிரசவமான பெண்ணுக்குப் பழைய சேலையைக் கிழித்து வயிற்றைக் கட்டிவிடும் பாட்டிமார்களும், பெங்கோங் சுற்றும் மலாய்க்காரப் பெண்களும் இருக்கும் நாட்டில், "கட்டுத்தானே, நாமே கட்டிக்கொள்ளலாம்" என்று தோன்றுவது இயல்பு. அறுவை செய்த வயிறு வேறு. அளவு மீறி இறுக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, காலிலிருந்து ரத்தம் மேலேறுவது தடைப்படும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

சந்தையில் 'ஸ்லிம்மிங்' என்று விற்கும் இடுப்புப்பட்டை இதற்கு ஈடாகாது. மலிவாகச் செய்வதாகச் சொல்லும் அழகு நிலையங்களிலோ ஆபத்து இன்னும் பெரிது. 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில் அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன 23 வயது இளம்பெண் உயிரிழந்தார். ஆடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கத்தி பிடித்த கை தகுதியானதாக இருக்க வேண்டும்.

2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டது இன்றும் நெஞ்சை உலுக்குகிறது. காயத்தோடு பிழைத்த குழந்தைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பெருந்தீயிலிருந்து மீண்ட பிள்ளைக்கு ஆறிய புண்ணுக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கிறது. வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை நீள்கை ஆடையோடு உட்கார்ந்திருந்தால், அது என்ன ஆடை என்று ஆசிரியர் மற்றப் பிள்ளைகளுக்கு ஒருமுறை விளக்கிவிட்டு, அந்தப் பிள்ளையை மின்விசிறிக்கு அருகில் உட்கார வைக்கலாம்.