வான்குடை திரும்பும் உயரம்

செம்பூரிலும் தேவனாரிலும் வாழும் நம்மவர்க்குப் பருந்து புதிய பறவையன்று. தேவனார்க் குப்பைமேட்டின்மேல் அவை கூட்டமாக வட்டமிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். இறகை அசைக்காமலே மிதக்கும் பருந்து, ஒரு பக்கம் சரிந்து, தலைகீழாகப் பாய்ந்து, நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பாக நிமிர்ந்து, இரையைக் கவ்விக்கொண்டு மேலெழுகிறது. எந்த உயரத்தில் சரிய வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்பதை அதற்கு எவரும் ஏட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. மனிதனும் இன்று துணியால் ஆன சிறகொன்றைத் தாங்கி இதே செயலைச் செய்கிறான். அந்த உயரத்தை அவன் அளந்தும் கணக்கிட்டும்தான் அறிய வேண்டியிருக்கிறது. அக்கணக்கைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 12 முதல் 14 வரை மும்பையின் மெரைன் டிரைவ் கடற்கரையில் இந்திய விமானப்படை வான்காட்சி ஒன்றை நடத்தியது. 1987இல் அமைக்கப்பெற்ற ‘ஆகாஷ் கங்கா’ என்னும் வான்குடைக் குழுவும் அதில் இடம் பெற்றது. அதைச் சென்று கண்டவர்கள் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கக்கூடும். இத்தகைய காட்சிகளைக் காணும்போது, விமானத்திலிருந்து குதிப்பதே துணிவின் உச்சம் என்றும், குடை விரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். முற்காலத்துக் குடைகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியானதே. இக்காலத்து விரைவுக் குடைகளுக்கு அது பொருந்தாது.

1797இல் பாரிஸ் நகரில் கார்னரின் என்பார் பலூனிலிருந்து வான்குடை வழியே இறங்கிக் காட்டினார். நம் நாட்டில் 1890இல் கல்கத்தாவில் இராமச்சந்திர சாட்டர்ஜி அத்தகைய இறக்கத்தை நிகழ்த்தினார். அவை காற்றைத் தடுத்து வீழ்ச்சியைத் தணிக்கும் குடைகள். தாமாகப் பறப்பவை அல்ல. 1960களில் அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் என்பவர் வேறு வகையான குடை ஒன்றை உருவாக்கினார். தாராவியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைப்போர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. இரண்டுக்கும் இடையே வரிசையாகத் தடுப்புத் துணிகள் வைத்துத் தைத்து, பின்விளிம்பை மூடி, முன்விளிம்பைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். முன்வாய் வழியே நுழையும் காற்று அறைகளை நிரப்ப, துணி விமானத்தின் இறக்கை வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. இறக்கை ஆனபின் அது வெறுமனே விழுவதில்லை; முன்னோக்கிப் பறந்துகொண்டே இறங்குகிறது.

இறக்கையின் பரப்பு குறைந்து, தாங்கும் எடை மிகுந்தால், அதன் விரைவும் மிகும். பயிலும் மாணவனுக்குப் பரந்த குடையைத் தருவதும், கைதேர்ந்தவர் சிறிய குடையை நாடுவதும் இதனாலேயே. அக்கைதேர்ந்தவர்கள் நிலத்தை நெருங்கும் வேளையில் ஒரு திருப்பத்தைச் செய்கிறார்கள். குடை சரிந்து பாய்கிறது. உயரம் விரைவாக மாறுகிறது. பின்னர்க் குடை நிமிர்ந்து, தரைக்குச் சமமாக, புல்நுனியை உரசுவதுபோல் அவர்களை ஏந்திச் செல்கிறது. இவ்வாறு சென்ற தொலைவு 200 மீட்டரைக் கடந்ததும் உண்டு. தொலைவு, விரைவு, குறி தவறாமை என்னும் மூன்று பிரிவுகளில் இதற்குப் பன்னாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன.

ஓடும் மின்ரயிலிலிருந்து தாதரிலோ மாட்டுங்காவிலோ குதிப்பவன், நிலத்தில் கால் பட்டவுடன் வண்டி செல்லும் திசையிலேயே சில அடிகள் ஓடுவதைக் கண்டிருக்கிறோம். ரயில்வே விலக்கிய அச்செயலை நாம் பரிந்துரைக்கவில்லை. எனினும் அதில் ஓர் உண்மை உண்டு. முன்னோக்கிச் செல்லும் விரைவை ஓடியோ சறுக்கியோ கழித்துவிடலாம். கீழ்நோக்கிச் செல்லும் விரைவைக் கழிக்க வழியில்லை. அதை நிலமே நிறுத்துகிறது. எனவே கீழ்நோக்கிய பாய்ச்சல் முழுவதும் தரைக்கு மேலேயே முன்னோக்கிய ஓட்டமாக மாறிவிட வேண்டும். அதற்கு வேண்டிய உயரம் இல்லாமற் போனால் கைத்திறன் எதுவும் உதவாது. வான்குடை விளையாட்டில் நேரும் உயிரிழப்புகளில் கணிசமானவை, குடை பழுதின்றி விரிந்த பின்பு, தாழ்வான திருப்பங்களால் நிகழ்ந்தவை. விரியாத குடையால் அன்றி, நன்கு விரிந்த குடையின்கீழ் மனிதன் மடிவது நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும்.

அவ்வாறாயின் திருப்பத்தை எந்த உயரத்தில் தொடங்குவது? எல்லார்க்கும் பொருந்தும் எண் ஒன்று இல்லை. குடையின் அளவு, அதன் வடிவம், குதிப்பவரின் எடை, திருப்பத்தின் அளவு, கையின் விரைவு, காற்றின் நிலை ஆகிய யாவும் அதை மாற்றும். பிறர் சொன்ன எண்ணைக் கடன் வாங்குவது பிறர் மூக்குக்கண்ணாடியை அணிவது போன்றது. தன் எண்ணைத் தானே கண்டறிவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. நிலத்திலிருந்து 2,000 அடிக்கும் மேலே, அருகில் வேறு குடைகள் இல்லாதபோது, செய்ய எண்ணிய திருப்பத்தை அங்கேயே செய்து பார்க்க வேண்டும். தொடங்கிய உயரத்தையும், குடை தானாக நிமிர்ந்த உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அத்திருப்பம் விழுங்கும் உயரம்.

ஒருமுறை அளந்தால் போதாது. பத்து முறை அளந்தால் பத்து விடைகள் கிடைக்கும். அவற்றின் சராசரியைக் கொள்வது பிழை. மிகப் பெரிய விடையையே கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு ஒரு திருப்பம் ஒருமுறை 280 அடியையும், ஒருமுறை 310 அடியையும், ஒருமுறை 350 அடியையும் விழுங்கியதென்று கொள்வோம். அவர்தம் கணக்கு 350 அடியில் தொடங்கி, அதன்மேல் பாதுகாப்புக்காக மேலும் சில அடிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை விளக்கத்துக்காக நாம் சொன்ன எண்களே. எவரும் பின்பற்றுவதற்கு உரியவை அல்ல.

உயரமானியையும் அளவுக்கு மீறி நம்பலாகாது. முள் சுழலும் கருவி சில பத்து அடிகள் பிழைபடக்கூடும். நொடிக்கு 25 மீட்டர் இறங்கும் பாய்ச்சலில் 50 அடியைக் கடக்க அரை நொடிக்குச் சற்று அதிகமே ஆகும். கருவி பிழைத்த 50 அடியும், மனம் தயங்கிய அரை நொடியும் ஒன்று சேர்ந்தால், இருந்ததாக நினைத்த இடைவெளி இல்லாமற் போய்விடும். அன்றியும் கருவியின் சுழி, இறங்கும் நிலத்துக்கு ஏற்ப வைக்கப்பட வேண்டும். புனே விமானதளம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 அடி மேலே இருக்கிறது. மும்பைக் கடற்கரையோ கடல்மட்டத்திலேயே உள்ளது. ஏறிய இடத்துச் சுழியோடு வேறிடத்தில் இறங்குபவரைக் கருவி ஏமாற்றிவிடும். மேட்டு நிலத்திலும் வெயில் கடுமையான நாளிலும் காற்றின் அடர்த்தி குறைவு; அங்கே குடை இன்னும் விரைந்து பறக்கும், திருப்பம் இன்னும் அதிக உயரத்தை விழுங்கும். மும்பையில் சரியாயிருந்த எண், தக்காண மேட்டில் தவறாகலாம்.

இனித் திருப்பும் முறையைக் காண்போம். குடையின் பின்விளிம்போடு இணைந்த தடைக்கயிறுகள் இரண்டு கைகளிலும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை முழுவதும் இழுத்துத் திருப்புவது பழைய முறை. அப்போது குடையின் அப்பக்கம் சட்டென்று மந்தப்படும். உடல் ஊசல்போல் வெளியே வீசப்படும். குடை நிலத்தை நோக்கிக் கவிழும். அதன் உயர இழப்பை முன்கூட்டிக் கணிப்பது கடினம். இன்று பயிற்றுநர்கள் அம்முறையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தோளுக்கு மேலே முன்புறமாகச் செல்லும் வார்களை, அதாவது முன்வார்களை, இழுத்துத் திருப்புவதையே கற்பிக்கிறார்கள். முன்வாரை இழுத்தால் குடையின் மூக்குத் தாழும். திருப்பம் மெல்லத் தொடங்கிச் சீராக வளரும். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக் கச்சையின் வழியே திருப்பத்துக்குத் துணைசெய்வதும் உண்டு. இம்முறையின் தலையாய நன்மை, கையை விட்டால் குடை நிமிர முயலும் என்பதே. தப்பும் வழி திறந்தே இருக்கிறது.

திருப்பத்தின் அளவும் படிப்படியாகவே வளர வேண்டும். முதலில் திருப்பமே இல்லாமல், இரு முன்வார்களையும் ஒருசேர இழுத்து நேராகப் பாய்ந்து நிமிரக் கற்க வேண்டும். அது கைவந்தபின் 90 பாகை, அதன்பின் 180, அதற்கும் பின்னரே 270. 180 பாகைத் திருப்பத்தில் இறங்கும் நிலத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்க நேரும். 270 பாகைத் திருப்பத்தை இறங்குதடத்துக்குக் குறுக்காகப் பறந்து தொடங்குவதால் அத்தடம் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் திரும்பும்போது பின்னால் வரும் குடைகள் சிறிது நேரம் பார்வைக்கு மறைந்துபோகும். இதனாலேயே விரைந்து இறங்குவோர்க்குத் தனி இடமோ தனி நேரமோ ஒதுக்க வேண்டும் என்பது இத்துறையில் வலியுறுத்தப்படும் விதி. ஒரு குதிப்பில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். புதிய குடையையும் புதிய திருப்பத்தையும் ஒரே நாளில் கைக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

திருப்பம் சரியான உயரத்தில் தொடங்கியது என்பதற்கு அடையாளம் என்ன? குடை பெரும்பாலும் தானாகவே நிமிரும். வலிந்து இழுத்து நிமிர்த்த வேண்டியிருந்தால், காலில் அடி படாமல் தப்பியிருந்தாலும், திருப்பம் தாழ்வாகத் தொடங்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும். அன்றைய கூட்டம் கைதட்டியிருக்கலாம். குறிப்பேட்டில் அது பிழை என்றே எழுதப்பட வேண்டும். இப்பிழைகளை வெற்றிகளாக எண்ணி மகிழ்பவர், ஒவ்வொரு முறையும் சில அடிகள் தாழ்ந்துகொண்டே வருகிறார்.

திருப்பத்தின் நடுவில் உயரம் போதாது என்று தோன்றினால், முன்வாரை உடனே விட்டுத் திருப்பத்தை நிறுத்த வேண்டும். இரு தடைக்கயிறுகளையும் ஒருசேர இழுத்துக் குடையைத் தலைக்கு நேர்மேலே கொணர வேண்டும். எண்ணிய திசையில் இறங்க வேண்டும் என்னும் ஆசையை அக்கணமே கைவிட வேண்டும். காற்றோடு சென்று விரைவாக இறங்கினும், குறுக்குக் காற்றில் உருண்டு விழுந்தாலும், குடை தலைக்கு மேலே நிமிர்ந்திருந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. சரிந்த குடையோடு குறியை அடைந்தவர் குறியை மட்டுமே அடைகிறார்.

இதைவிடச் சிறந்த வழி, திருப்பத்தைத் தொடங்காமலே விடுவது. வகுத்த உயரத்தைத் தாண்டி இறங்கிவிட்டோம், அல்லது குறுக்கே இன்னொரு குடை வருகிறது, அல்லது காற்று மாறிவிட்டது என்றால், அன்று திருப்பம் இல்லை. நேராகப் பறந்து சாதாரணமாக இறங்க வேண்டியதுதான். இம்முடிவை வானத்தில் எடுக்க முடியாது. அங்கே நேரம் இல்லை. தரையில் நிற்கும்போதே, இன்ன உயரத்துக்குக் கீழே தொடங்கமாட்டோம் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உயரம் மிகுந்துவிட்டால் நேரும் இழப்பு, பாய்ச்சல் சற்று மேலேயே முடிந்துபோவது மட்டுமே. குறைந்துவிட்டால் நேரும் இழப்பை ஈடுசெய்ய எவராலும் இயலாது. இரு பிழைகளும் சமமானவை அல்ல. ஆகவே பிழைக்க நேர்ந்தால் மேற்பக்கமே பிழைக்க வேண்டும்.

நெருங்கிய கட்டடங்களும் கடற்காற்று உண்டாக்கும் சுழல்களும் நிறைந்த மும்பை நகரம் இவ்விளையாட்டுக்கு உரிய களம் அன்று. ஆனால் இந்நகரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், கல்வியாலும் தொழிலாலும் பொருள் ஈட்டி, உள்நாட்டிலும் அயல்நாடுகளிலும் இதைப் பயிலச் செல்லும் காலம் இது. 1979இல் குதித்த ரேச்சல் தாமஸும், 2004இல் வட துருவத்தில் குதித்த புனே நகரத்துச் சீதள் மகாஜனும் இந்தியப் பெண்களுக்கு வானத்தைத் திறந்துவிட்டார்கள். இனி ஒரு நாள் நம் வீட்டுப் பிள்ளையும் வந்து, வான்குடை பயிலப் போகிறேன் என்று சொல்லக்கூடும். அப்போது வேண்டாம் என்று மட்டும் சொல்லித் தடுப்பதில் பயன் குறைவு. யார் கற்பிக்கிறார், எத்தனை நூறு குதிப்புகளுக்குப் பின் சிறிய குடையைத் தருகிறார், உன் திருப்பம் எத்தனை அடியை விழுங்குகிறது, எத்தனை முறை அளந்தாய் என்று கேட்போம். கடைசியாக, எத்தனை முறை திருப்பாமல் இறங்கினாய் என்றும் கேட்போம். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.