மரம் ஏறும் பொறியும் அதற்கு இசைந்த கயிறும்

(மாத்தளை மாவட்டக் கமக்காரர்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



நெல்லைப் பற்றியோ மரக்கறியைப் பற்றியோ பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச இருப்பது கயிற்றைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு. தம்புள்ள, கலேவெலப் பகுதிகளில் தோட்டத்தோரத்து மரம் நிழல் விழுத்தினால் மிளகாயும் கத்தரியும் விளைச்சல் குன்றும். கிளைகளைத் தறித்தாக வேண்டும். இறத்தோட்டை, உக்குவெல, யட்டவத்தைப் பக்கங்களில் வயலுக்கு மேலே வீட்டுத் தோட்டம் இருக்கிறது. அதில் கராம்பு, சாதிக்காய், பலா, தென்னை, கித்துள் முதலியனவும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் நிற்கின்றன. ஆகவே நெல் விதைப்பவரும் ஆண்டில் சில நாட்களாவது மரத்தின் மேலே நிற்கிறார். வயல் வரம்பில் கால் தவறினால் உடம்பில் சேறு படும். கராம்பு மரத்தில் கால் தவறினால் முதுகெலும்பு முறியும். அதன் பிறகு அக்குடும்பத்தின் வயலை யார் உழுவது?

முன்னோர் தளநாரையும் ஏணியையும் கொண்டு ஏறினர். இப்பொழுது கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறும் உலோகப் பொறிகள் இணைய வழியாகவும், வெளிநாட்டில் தொழில் புரியும் பிள்ளைகள் மூலமாகவும் நம் கைக்கு எட்டுகின்றன. பொறி வருகிறது, கயிறு வருவதில்லை. கயிறுதான் வீட்டில் இருக்கிறதே என்று எண்ணி, மாடு கட்டும் கயிற்றையோ பாரவண்டியில் மூட்டை கட்டும் கயிற்றையோ அதில் மாட்டிவிடுகிறோம். அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. பொறி தனியாக ஒருவரையும் தாங்குவதில்லை. குறித்த பொறி குறித்த கயிற்றைப் பற்றும்போதுதான் அது பாதுகாப்புச் சாதனமாகிறது. மற்றக் கயிற்றில் அது வெறும் இரும்புத் துண்டு.

இப்பொறிகளின் வரலாறு நீண்டதன்று. கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றைச் சுற்றி, பாரம் விழும்போது இறுகவும் பாரம் நீங்கும்போது நழுவவும் செய்யும் முடிச்சை ஒஸ்திரிய நாட்டு மலையேறியான கார்ல் புரூசிக் 1931ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். இன்றும் அம்முடிச்சு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1958ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தில் யூசி, மார்ட்டி என்னும் இருவர் அதே வேலையைச் செய்யும் உலோகக் கவ்வியை ஆக்கினர். செங்குத்துப் பாறைகளில் கழுகுக் கூடுகளை ஆராய்வதற்காகவே யூசிக்கு அது தேவைப்பட்டது. இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு ஜூமார் என்று பெயரிட்டனர்.

ஜூமார் வகைக் கவ்வியின் உள்ளே சிறு பற்கள் கொண்ட நாக்கு ஒன்று உண்டு. மேலே தள்ளினால் கயிற்றில் வழுக்கிச் செல்லும். கீழே இழுத்தால் பற்கள் கயிற்றைக் கவ்வும். ஏறுவதற்கு இது மிக எளிது. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். 400 முதல் 600 கிலோகிராம் வரையான பாரம் திடீரென விழுந்தால் இப்பற்கள் கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடும். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தளர்ந்து தொங்கும் கயிற்றில் ஒரு மீற்றர் தூரம் விழுந்து சடுதியாக நின்றால் அவ்வளவு பாரம் உண்டாகக்கூடும். ஆகவே இக்கவ்வியில் ஏறுபவர் கயிற்றை எப்போதும் இறுக்கமாகவே வைத்திருத்தல் வேண்டும். கவ்வியின் மட்டத்துக்கு மேலே ஏறி நின்று கிளை வெட்டுதல் ஆகாது.

இரண்டாவது வகைக்குப் பற்கள் இல்லை. அடுக்கடுக்கான உலோகக் கண்ணிகள் கயிற்றை நெளித்து, அந்த உராய்வினால் நிறுத்துகின்றன. பிரான்சு நாட்டுப் பெற்சல் நிறுவனத்தின் சிக்சாக் என்னும் பொறி இவ்வகையினது. இதில் ஏறவும் இறங்கவும் இயலும். ஆனால் கயிற்றின் பருமனில் இது மிகக் கண்டிப்பானது. ஜூமார் வகைக் கவ்விகள் பல 8 முதல் 13 மில்லிமீற்றர் வரையான கயிற்றை ஏற்க, சிக்சாக் 11.5 முதல் 13 வரை மட்டுமே ஏற்கும். அதில் 10 மில்லிமீற்றர்க் கயிற்றை இட்டால் கண்ணிகள் போதியவாறு இறுகா. ஏறுபவர் கயிற்றோடு கீழே வழுக்குவார். மேலும், இது கிளையின் மேலாக மடித்துப் போட்ட இரட்டைக் கயிற்றுக்கென ஆக்கப்பட்டது. இரட்டைக் கயிற்றில் உடற்பாரத்தின் ஏறத்தாழப் பாதியே பொறியில் விழும். ஒற்றைக் கயிற்றிலோ முழுப் பாரமும் விழும். அதற்கென விற்கப்படும் துணை உராய்வுப் பொறி இல்லாமல் அதனை ஒற்றைக் கயிற்றில் உபயோகித்தல் தகாது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: ஒற்றைக் கயிற்றுக்கா, இரட்டைக் கயிற்றுக்கா?

பருமனை அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு தடியில் கயிற்றைப் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அச்சுற்றுகளின் அகலத்தை அடிமட்டத்தால் அளந்து பத்தால் பிரியுங்கள். 120 மில்லிமீற்றர் வந்தால் கயிறு 12 மில்லிமீற்றர். பொறியின் உடலில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு இதனை ஒப்பிடுங்கள்.

இனிக் கயிற்றின் இனத்தைப் பார்ப்போம். தும்புக் கயிறு ஈரத்தில் உழுக்கும். அதன் பலமும் குறைவு. மனிதர் ஏறும் பொறியில் அதற்கு இடமேயில்லை. கடைகளில் நீலம், மஞ்சள், பச்சை நிறங்களில் தொங்கும் முறுக்குக் கயிற்றை நாம் எல்லோரும் நைலோன் என்றே அழைக்கிறோம். பெரும்பாலும் அது நைலோன் அன்று. பொலிபுரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டால் உண்மை வெளிப்படும். மிதந்தால் அது இவ்விரண்டில் ஒன்று. நைலோனும் பொலியெஸ்டரும் நனைந்தவுடன் அமிழும். இவ்வேறுபாடு ஏன் முக்கியம்? விரைந்து இறங்கும்போது பொறி சூடேறுகிறது. பொலிஎதிலீன் சுமார் 130 பாகை செல்சியசிலும் பொலிபுரொப்பிலீன் சுமார் 165 பாகையிலும் உருகும். நைலோன் 215 பாகைக்கு மேலும், பொலியெஸ்டர் 250 பாகைக்கு மேலுந்தான் உருகும். அன்றியும், முறுக்குக் கயிற்றின் புரிகள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கவ்வியின் நாக்கு அதில் ஒழுங்காகப் பதிவதில்லை.

வேண்டியது, உள்ளே நீளவாக்கில் ஓடும் நூற்கற்றையும் அதன்மேல் நெருங்கப் பின்னிய உறையும் கொண்ட உருண்டைக் கயிறு. அல்லது மரவேலைக்கென்றே பின்னப்பட்ட கயிறு. ஐரோப்பிய நியமம் 1891, 'அ' வகை என்னும் குறிப்பு அதன் முனையில் இருந்தால், அது குறைந்தது 22 கிலோநியூற்றன், அதாவது சுமார் 2,240 கிலோகிராம் பாரம் தாங்க வேண்டியது என்று பொருள். முடிச்சுப் போட்ட இடத்தில் இப்பலம் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ குறையலாம். ஒரு மனிதருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். கயிறு பழசாகும், நனையும், பட்டையில் தேயும். அவ்வளவும் போக எஞ்சுவதே நம் உயிருக்குரிய பலம்.

சரியான கயிறும் நாளடைவில் மாறும். நைலோன் கயிறு நனைந்து காய்ந்தால் சுருங்கிச் சற்றுப் பருக்கும். புதிதில் வழுக்கிய பொறி பின்னர் ஓடாமல் நிற்கும். பலாமரத்தில் வேலை செய்தால் பால் ஒட்டிக் கயிறு விறைக்கும். நாம் கையிலுள்ள பலாப்பாலைத் தேங்காயெண்ணெய் தடவிப் போக்குவது வழக்கம். அதே கையால் கயிற்றைத் தொடாதீர்கள். எண்ணெய் ஊறிய கயிற்றில் எந்தப் பொறியும் நம்பத்தக்கதன்று. பால் பட்ட பகுதியை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி நிழலில் உலர்த்துக.

ஆதலால் ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை செய்க. கயிற்றைக் கட்டியபின் நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் பொறியில் முழுப் பாரத்துடன் அமர்ந்து, சற்றுக் குலுங்கிப் பாருங்கள். ஒரு விரற்கடை நழுவினாலும் அன்று ஏற வேண்டாம். கயிற்றை நனைத்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். நக்கிள்ஸ் மலைப்பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கராம்பின் கிளை எளிதில் ஒடியும் இயல்பினது. கயிற்றை அதில் போடாது தண்டின் கவையில் போடுங்கள். கத்தியோ வாளோ கையில் எடுக்குமுன் இரண்டாவது கயிறொன்றினால் உங்களை மரத்தோடு பிணைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கி இறுகி நிற்கும் கயிறு கத்தி தொட்டமாத்திரத்தில் அறும்.

தென்னைக்கு இவ்வளவு தேவையில்லை. கேரளத்துக் கண்ணூர் மாவட்டச் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் அமைத்த ஏறுபொறி கிளையற்ற தண்டில் நன்கு வேலை செய்கிறது. அதிலும் விதி ஒன்றே: தண்டைச் சுற்றும் எஃகு வடம் தேய்ந்தால் எஃகு வடமே மாற்ற வேண்டும். ஏணி எட்டும் உயரத்துக்கு ஏணியே மேல் என்பது என் கருத்து.

கயிற்றை எங்கே வைப்பது? வெயில் படாத, எலி அணுகாத இடத்தில் பையில் இட்டுத் தொங்கவிடுக. பற்றரிக்கு அருகிலும் கிருமிநாசினித் தெளிகருவிக்கு அருகிலும் வைக்கலாகாது. றப்பர் வைத்திருப்போர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பாலை உறைய வைக்கும் போமிக் அமிலம் நைலோனைக் கரைக்கும் தன்மையுடையது. பல உற்பத்தியாளர், உபயோகியாது வைத்திருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் கயிற்றை நம்பவேண்டாம் என்கின்றனர். உறை கிழிந்தாலும், தடவும்போது உள்ளே பள்ளமோ முடிச்சோ தட்டுப்பட்டாலும் அதற்கு முன்னரே விலக்குக. விலக்கிய கயிற்றை முழுதாக மூலையில் போட்டு வைத்தால் நாளை வேறொருவர் எடுத்து ஏறுவார். இரண்டு முழத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். கன்றுக்குட்டி கட்ட உதவும்.