ஒரு மீட்டும் ஒரு வாழ்வும்

வீணையின் இலக்கணத்தைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்களாதலால் அதை விரிக்காமல், எங்கள் வாத்தியத்தைப் பற்றிக்கொண்டுவிட்ட வேக மோகத்தைக் கண்டு நெடுநாளாக என் நெஞ்சில் உறைந்திருக்கும் ஆதங்கத்தை இன்று சொல்லிவிட விரும்புகிறேன். ஒலிபெருக்கியின் பலத்தில் ஸ்வரங்களை வாரி இறைப்பதே வித்வத் என்றும், ஓயாமல் மேடையேறுவதே கலைஞனின் ஜீவிதம் என்றும் எண்ணுகிறவர்கள் வீணை தனம்மாளின் வாழ்வைச் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

1867இல் பிறந்து 1938இல் மறைந்த அந்த அம்மையார், தீக்ஷிதர் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சு ஐயரிடமும், க்ஷேத்ரக்ஞர் பதங்களைக் கண்பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸிடமும் பாடம் செய்தவர். இவ்வளவு சம்பத்து இருந்தும் சபைகளை அதிகம் நாடாமல், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்திலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். பெரிய வித்வான்களும் அங்கே தேடிச் சென்று, மௌனமாக அமர்ந்து கேட்டார்கள்.

அவர் வாசிப்பில் என்னை ஆட்கொள்வது மீட்டுதான். விரலில் கம்பி வளையம் மாட்டாமல் வெறும் விரலால் மீட்டுவார். ஒரு மீட்டு எழுப்பிய நாதம் அடங்குவதற்குள் இடக்கை தந்தியை மெட்டின்மீது இழுத்தும் தளர்த்தியும் அடுத்தடுத்த ஸ்வரங்களை அதற்குள்ளிருந்தே பிறப்பிக்கும். தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தினால் தோடி பிறவாது. அசைவு மிகுந்தாலோ ராகம் கலங்கிவிடும். அந்த அளவை அறிந்தவர் தனம்மாள். அளவை அறிவதே விவேகம். மீண்டும் சொல்கிறேன், அளவை அறிவதே விவேகம்.

நான் பயின்ற நாட்களில், அவசரமாக அடுத்த மீட்டுக்கு என் விரல் எழும்போதெல்லாம் என் ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நாதம் இன்னும் இருக்கே அம்மா, அதுக்குள்ள என்ன அவசரம்? இருக்கறதை முதல்ல கேளு” என்பார். கையில் இருப்பதை முழுதும் கேட்டறியாமல் அடுத்ததற்குத் தாவுகிற மனத்துக்கு, வித்தையானாலும் வாழ்வானாலும் ரசம் கிட்டாது என்பதை அந்தப் பிடியிலேதான் நான் உணர்ந்தேன்.

பிற்காலத்தில் கண்ணொளி மறைந்தபோதும், பொருள் முடை வாட்டியபோதும், தனம்மாள் தம் சங்கீதத்தைக் காலத்தின் ருசிக்கு இணங்க மாற்றவில்லை. அந்தப் பிடிவாதத்தின் பயனை மகள் ஜயம்மாளின் பாட்டிலும், அவர் பாடப் பதம் பிடித்த பேத்தி பாலசரஸ்வதியின் அபிநயத்திலும், பிருந்தா, முக்தா என்ற பேத்திகளின் பாடாந்தரத்திலும் உலகம் அனுபவித்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் பேணப்பட்ட நுட்பம் மூன்று தலைமுறைகளுக்குச் சோறாகவும் சுவாசமாகவும் இருந்ததென்றால், அர்த்தமுள்ள வாழ்வு என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

ஆகவே, வீணை பயிலும் குழந்தைகளே, புதிய உருப்படி ஒன்றைத் தேடிப் போகுமுன், பாடமான பதத்தையே இன்று மறுபடி எடுங்கள். ஒவ்வொரு மீட்டும் அடங்கும்வரை காதுகொடுங்கள். வேகத்திலும் ரசமுண்டு என்பவரோடு நான் வாதிடப் போவதில்லை. எனக்குத் தனம்மாள் காட்டிய வழியே வழி.