நடிகரிடம் எதைக் கேட்பது?

1976 ஆம் ஆண்டு வெளிவந்த 'கோமாளிகள்' என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தை மூத்த நேயர்கள் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். இலங்கை வானொலியில் தொடர் நாடகமாகப் போய், கேட்டவர்களின் அபிமானத்தைப் பெற்ற பிறகே அது திரைக்கு வந்தது. அதில் வந்த நான்கு பாத்திரங்களும் நான்கு விதமாகத் தமிழ் பேசின. மரிக்கார் ஒரு முஸ்லிம், அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தவர், உபாலி சிங்களவர், நாலாமவர் ஓர் ஐயர். மரிக்காராகப் பேசிய எஸ். ராம்தாஸ் முஸ்லிம் அல்லர்; நாடகத்தை எழுதியவரும் அவரே. ஐயராக வந்தவர் நம் அனைவருக்கும் தெரிந்த வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீட். 2016 இல் சென்னையில் காலமாகும் வரைக்கும் ராம்தாஸ் 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அழைக்கப்பட்டார். உபாலியாக வந்த செல்வசேகரன் உபாலி செல்வசேகரன் ஆனார். அப்புக்குட்டியாக வந்த ராஜகோபால் அப்புக்குட்டி ராஜகோபால் ஆனார். பிற சமூகத்து மனிதரின் நாக்கை ஒருவர் எப்படிப் பிடித்தார், யாரைக் கேட்டுப் பழகினார், எந்தச் சொல்லில் தடுமாறினார், அந்தச் சமூகத்தார் கேட்டுவிட்டு அவரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய விடயங்கள். ஆனால் நடிகரைப் பேட்டி காண்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. கலியாணம், பிள்ளைகள், வருமானம், யாரோடு கோபம் என்பதோடு பேட்டி முடிந்துவிடுகிறது. தொழிலைப் பற்றி விரிவாகக் கேட்டால் நடிகரின் வாழ்க்கையும் கூடவே வரும், பெரும்பாலும் அதுவே உண்மையான வாழ்க்கையாக இருக்கும் என்பது என் கருத்து. இன்று அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

தமிழ் நாடக நடிகர்கள் தம்மைப் பற்றி எழுதிய நூல்களில் அவ்வை தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' மிகவும் பயனுள்ள ஒன்று. 1918 இல், ஆறு வயதுச் சிறுவனாக, சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். அந்தக் காலத்துக் குழுக்கள் பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்டன. பிள்ளைகளுக்கு அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை, படிப்பும் அங்கேதான். தாய் தகப்பன் எங்கோ தூரத்தில். அந்த வாழ்க்கையின் துயரம் என்ன என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மகரக்கட்டு என்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பருவம் வரும்போது சிறுவனின் தொண்டை உடைவதை அந்த உலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நேற்றுவரை உச்சஸ்தாயியில் பாடி அரங்கை நிறைத்த பிள்ளைக்கு இன்று குரல் கட்டிக்கொள்கிறது. பாட்டே நாடகமாக இருந்த காலத்தில் குரல் போனால் வேடம் போகும், வேடம் போனால் குழுவில் இருந்த மரியாதையும் போகும். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொழிலை இழக்கும் பயத்தோடு ஒரு தலைமுறை நடிகர்கள் வளர்ந்தார்கள் என்பதைத் தொண்டையைப் பற்றிய அந்த ஒரு விபரம் சொல்லிவிடுகிறது. சிவாஜி கணேசன் தம் சுயசரிதையில் சொல்லும் செய்தியும் இதே வகையைச் சேர்ந்தது. சிறுவனாக நாடகக் குழுவில் சேரப் போனபோது, தமக்கு யாருமில்லை, தாம் அநாதை என்று அவர் சொல்லிக்கொண்டார். தாயும் தகப்பனும் உயிரோடு இருந்த ஒரு பிள்ளை மேடை ஏறுவதற்கு முன்னரே நடித்த முதல் வேடம் அது. அவருடைய குடும்பத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்டாலும் இதைவிட ஆழமான ஒரு பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

நமது அம்பாறைக் கரையோர ஊர்களில் மிகவும் நேசிக்கப்பட்ட ஹிந்தி நடிகர்களில் ஒருவரான திலீப் குமாரையும் பார்ப்போம். பெஷாவரில் பிறந்த யூசுப் கான் அவர். தகப்பன் பழ வியாபாரி, நடிப்பை மதிக்காதவர். 1944 இல் முதல் படம் வந்தபோது தயாரிப்பாளர் தேவிகா ராணி கொடுத்த புதிய பெயர், தகப்பனின் கண்ணிலிருந்து மறைந்துகொள்ளவும் அவருக்கு உதவியது. பின்னர் படத்துக்குப் படம் காதலில் தோற்று, நோயில் வாடி, இறந்துபோகும் வேடங்கள் வந்தன. அந்தத் துக்கம் வீட்டுக்கும் கூடவே வந்தது. இலண்டனில் மனநல வைத்தியர்களைக் கண்டபோது, இலேசான வேடங்களை ஏற்கும்படி அவர்கள் சொன்னார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு அவர் ஒப்புக்கொண்ட படம் 1955 இல் வந்த 'ஆசாத்'. அதற்கு மூலம் எம்.ஜி.ஆர். நடித்த தமிழ்ப் படமான 'மலைக்கள்ளன்'. இரண்டையும் இயக்கியவர் ஸ்ரீராமுலு நாயுடு. ஒரு நடிகரின் மனநோவுக்குக் கோயம்புத்தூரில் உருவான ஒரு சாகசக் கதை மருந்தாகியிருக்கிறது. அவருடைய காதல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பலர். ஆனாலும் அந்த மனிதரின் உள்ளே நடந்ததை, ஏன் அந்த வேடத்தை விட்டு இந்த வேடத்துக்கு வந்தீர்கள் என்ற தொழிற் கேள்விக்கான பதிலே நமக்குக் காட்டுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. நடிகர் என்பவர் நடிக்கத் தெரிந்தவர். தம்மைப் பற்றிப் பேசும்போதும் அவர் நடிக்கமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நினைவு பிசகும், பெருமை கூடும், பழைய பகை ஒருவரை வில்லனாக்கும். இது நியாயமான சந்தேகம். சுயசரிதைகளில் கைதட்டல் எண்ணிக்கைகளையும், பிறர் பொறாமைப்பட்ட கதைகளையும் நான் அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சந்தேகம் எல்லாப் பேச்சையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தம் குணத்தைப் பற்றிச் சொல்லும்போது மனிதருக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒத்திகை எத்தனை மணிக்குத் தொடங்கியது, முகத்துக்கு எதைப் பூசினார்கள், பிரதியை மனனம் செய்தது எப்படி, பெண் வேடத்துக்கு நடையை யாரிடம் கற்றார் என்று சொல்லும்போது அந்தக் காரணம் குறைகிறது. அதோடு இவை ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவை. தமிழ்நாட்டு நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுக'ளையும், அவரைக் குருவாகக் கொண்ட நம் நாட்டுக் கலையரசு சொர்ணலிங்கம் எழுதிய 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், 1913 இல் கொழும்பில் தொடங்கிய லங்கா சுபோத விலாச சபையின் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். ஒருவர் மிகைப்படுத்திய இடத்தை மற்றவர் சரிசெய்துவிடுகிறார். வீட்டு விவகாரத்துக்கு அப்படியொரு சாட்சி கிடைப்பது அரிது.

இன்னொரு மறுப்பு நமது ஊர்களுக்கே உரியது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில், நடிப்பு மார்க்கத்துக்கு ஒவ்வாதது, அதை நினைவுபடுத்தாமல் விடுவதே நல்லது என்று கருதுவோர் இருக்கிறார்கள். இளமையில் மேடை ஏறியவர்களில் சிலரும் முதுமையில் அதைப் பேச விரும்புவதில்லை. அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். ஒருவரை வற்புறுத்திப் பேச வைக்கக் கூடாது. ஆயினும் நடிக்கலாமா கூடாதா என்ற கேள்வியும், நடந்ததைப் பதிந்து வைக்கலாமா என்ற கேள்வியும் வேறு வேறு. பாடசாலைக் கலை விழாக்களில் நாடகம் நடந்தது. இலங்கை வானொலி முஸ்லிம் சேவை பல்லாண்டுகளாக நாடகங்களை ஒலிபரப்பியது. நம்மவர்கள் அவற்றை எழுதினார்கள், நடித்தார்கள், மாலையில் குடும்பத்தோடு இருந்து கேட்டார்கள். இது நமது சமூகத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி. மேலும், மார்க்கம் கடுமையாகத் தடுக்கும் ஒரு காரியம் புறம் பேசுதல். நடிகரின் வீட்டை, மனைவியை, கடனைக் கிளறும் பேட்டிதான் அதற்கு வழி திறக்கிறது. அவருடைய உழைப்பை விசாரிக்கும் பேட்டி யாருடைய மானத்தையும் தொடுவதில்லை. அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் நான் சொல்லும் முறையைத்தான் முதலில் ஆதரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வானொலி நடிகர்கள் விடயத்தில் இது இன்னும் அவசரமானது. சினிமா நடிகருக்குப் படம் மிஞ்சும். ஒலிநாடாவில் பதிந்து, ஒலிபரப்பியபின் அதே நாடாவில் வேறொன்றைப் பதியும் வழக்கம் இருந்த காலத்தில், வானொலி நடிகருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கையில் பிரதி, தாள் சரசரக்கக் கூடாது. கோபத்தில் கத்தும்போது ஒலிவாங்கியிலிருந்து எவ்வளவு விலகுவது, இரகசியம் சொல்லும்போது எவ்வளவு கிட்டப் போவது என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகமும் கையும் உதவாத இடத்தில், மூச்சை வைத்தே வயதைக் காட்ட வேண்டும். இந்த அறிவைப் பாடப்புத்தகத்தில் படித்து மட்டும் பெற முடியாது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடரில் நடித்தவரும், 'அண்ணை றைற்' என்ற தனிநபர் நாடகத்தில் பஸ் கொண்டக்டராக வந்து புகழ்பெற்றவருமான கே. எஸ். பாலச்சந்திரன் தம் கலை வாழ்வை எழுதிவைத்துவிட்டு 2014 இல் கனடாவில் காலமானார். அப்துல் ஹமீட் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்ற நூலைத் தந்திருக்கிறார். மட்டக்களப்புக் கூத்து மரபுக்கு, 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் தயாரித்த 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய பேராசிரியர் மௌனகுரு இருக்கிறார். ஆடியவரே ஆய்வாளராகவும் அமைந்தது அந்த மண்ணின் பாக்கியம். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் மேடைக்கும் வானொலிக் குரல்களுக்கும் இப்படிப் பதிவானது மிகக் குறைவு. எழுத்தாளர்களும் கவிஞர்களும் இங்கிருந்து நிறையப் பேர் வந்தார்கள், அவர்களுக்கு நூல்கள் இருக்கின்றன. நடித்தவர்களுக்கு அது இல்லை. யுத்த காலத்தின் இடப்பெயர்வுகள் ஒரு பக்கம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமியில் இந்த நாட்டில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டமும் நமதே. மனிதர்களோடு வீடுகள் போயின, வீடுகளோடு அலுமாரிகளும் போயின. பழைய பிரதி, அழைப்பிதழ், புகைப்படம் என்று வைத்திருந்தவர்களுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாமற் போன ஊர்கள் இவை. இப்போது மிஞ்சியிருப்பது எழுபது, எண்பது வயதானவர்களின் ஞாபகம் மட்டுமே.

அந்த ஞாபகத்திடம் கேட்க வேண்டிய ஒரு முக்கியமான விடயம் பேச்சுவழக்கு. மரிக்கார் பேசியது கொழும்புப் பக்கத்து முஸ்லிம் வியாபாரியின் தமிழ். கல்முனையில் ஓர் உம்மா மகனைக் கூப்பிடும் தொனி அது அல்ல. கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போய் ஒலிவாங்கி முன் நின்றவர் எந்தத் தமிழைப் பேசினார்? தம் ஊர்ப் பேச்சை மறைத்துக்கொள்ளச் சொன்னார்களா, அல்லது அதையே கேட்டு வாங்கினார்களா? வட்டார வழக்கைச் சிரிப்புக்குப் பயன்படுத்துவது ஒரு சமூகத்தைக் கேலி செய்வதாகாதா என்று சிலர் கேட்பார்கள். சில நாடகங்களில் அது கேலியாகவே முடிந்ததும் உண்டு. ராம்தாஸின் மரிக்காரை முஸ்லிம் நேயர்களும் விரும்பிக் கேட்டார்கள் என்பது வேறு கதை சொல்கிறது. எந்த இடத்தில் அன்பு கேலியாக மாறும் என்ற எல்லையை விமர்சகரைவிட நடித்தவரே நுணுக்கமாக அறிவார், ஏனென்றால் அந்த எல்லையில் ஒவ்வொரு வசனத்திலும் நின்றவர் அவர். இதை அவரிடம் கேட்காமல் நாமாகவே ஊகித்துக்கொள்வது எப்படி நியாயமாகும்?

இவற்றைக் கேட்டுப் பதிய நம்மிடம் ஆட்களும் வசதியும் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் ஊடகமும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதியும் தொலைபேசி இருக்கிறது. ஊரில் உள்ள ஒரு மூத்த கலைஞரிடம் போவதாக இருந்தால், முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவருக்குத் தோதான நேரத்தில் போங்கள். வானொலியில் குரல் கொடுத்த பெண்மணியாக இருந்தால், பெயர் வெளிவருவதை அவர் விரும்புகிறாரா என்று முதலில் கேளுங்கள். விரும்பவில்லையென்றால் குரலையும் பெயரையும் விட்டுவிட்டு, சொன்ன விடயத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நாடகத்தின் பெயர், எழுதியவர், ஆண்டு, இடம், கூட நடித்தவர்கள் என்பவற்றை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். பிறகு அவர் பேசிய ஒரு வசனத்தை அன்றைக்குப் பேசியதுபோலவே பேசிக்காட்டச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அவர் அந்த மூச்சை எங்கே எடுத்தார், ஏன் அங்கே எடுத்தார் என்று கேளுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவருடைய குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஊர் நூலகத்தில் சேருங்கள்.