பெயர்ப்பலகையும் தீவும்

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையிலே, வழிகாட்டும் பலகையொன்று காற்றில் வீழ்ந்துவிட்டால், நெடுந்தீவே கடலுள் மூழ்கிற்றென்று எவரும் ஒப்பாரி வையார். கணினித் திரையின் முன்னே மட்டும் அந்த மயக்கம் நேர்ந்துவிடுகின்றது.

ஊர்காவற்றுறை மாணவனொருவன், உயர்தரப் பரீட்சைக்கான குறிப்புகளைத் திறக்கும் சின்னத்தைக் கைதவறி அழித்துவிட்டு, ஈராண்டு உழைப்பும் போயிற்றே என்று கலங்குகின்றான் எனக் கொள்வோம். சின்னத்தின் மூலையிலே சிற்றம்புக்குறி இருந்ததாயின், அழிந்தது வெறும் இணைப்பே. விண்டோஸ் கணினியிலே அக்கோப்புறை பெரும்பாலும் 'சி' வன்தட்டின் 'யூசர்ஸ்' பகுதியில், பயனர் பெயரின் கீழ் அப்படியே கிடக்கும். அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி, முகப்புத் திரைக்கு இணைப்பு அனுப்பினாற் போதும். இதனை அறியாது விண்டோஸையே அழித்து மீள நிறுவுவோரும் உளர், வீண் விபரீதம்!

கோப்புறையே அழிந்திருப்பின், குப்பைக்கூடையிலே தேடுக. அங்கும் இல்லையெனின், அவ்வன்தட்டில் புதிதாக எதனையும் பதியலாகாது. பழைய பதிவின்மேல் புதியது படிந்தால் மீட்பது அரிது.