பட்டன், பட்டன், பட்டன்

அக்சஸிபிலிட்டி ரிசர்ச்னா என்ன வேலை, கோடிங் தெரியாமப் போகலாமான்னு கேக்குறாங்க. போகலாம். ஆனா முதல்ல பாளையங்கோட்டை வரைக்கும் போயிட்டு வந்துருவோம்.

1890-ல அங்க மிஸ் ஆஸ்க்வித் என்ற மிஷனரி பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அமிர்தசரஸுக்கு அடுத்து இந்தியாவில் வந்த பள்ளி அது. பிரெய்லில் ஆறு புள்ளிதான், 63 வடிவம்தான். நமக்கோ 247 எழுத்து. அந்தக் காலத்துல ஊருக்கொரு முறை இருந்துச்சு. 1951-ல இந்திய மொழிகளுக்குப் பொதுவா பாரதி பிரெய்ல் வந்தது. அதுல 'கெ' எழுதணும்னா முதல்ல 'க', அப்புறம் 'எ'. கொம்பு முன்னாடி வராது. விரல், காது கேக்குற வரிசையிலயே படிக்குது. யூனிகோடும் அப்படித்தான் சேமிக்குது. கண்ணுக்காகச் செஞ்ச வடிவத்தை அப்படியே காப்பி அடிக்கல பாருங்க, அதுதான் டிசைன்.

இன்னைக்கு அதே சிக்கல் போன்ல இருக்கு. டாக்பேக் போட்டு ஒரு ஆப்பைத் திறங்க. லேபிள் இல்லாத ஐகான் எல்லாம் "பட்டன், பட்டன், பட்டன்"னு கேக்கும். எது 'அனுப்பு', எது 'அழி'? பழைய ஃபான்ட்ல அடிச்ச தமிழ் ஃபைலைக் கொடுத்தா ஆங்கில எழுத்தா உளறும். ஸ்கேன் பண்ண பி.டி.எஃப்ல வாயே திறக்காது.

வங்கி கே.ஒய்.சி.ல கண்ணைச் சிமிட்டச் சொல்றாங்களே, பார்வை இல்லாதவங்க என்ன செய்வாங்க? ஆசிட் வீச்சுல கண் பாதிச்சவங்க? அந்த வழக்குலதான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவதும் வாழும் உரிமையில் அடங்கும்னு சொல்லுச்சு. 2016 சட்டம் ஏற்கெனவே இருக்கு. அதனால இது இனி தயவு இல்ல, கடமை.

சரி, வேலை. கண்ணைக் கட்டிக்கிட்டு ஆப்பைத் தடவிப் பாக்குறது ஆராய்ச்சி ஆகாது. நீங்க பத்து நிமிஷத்துல பயந்துருவீங்க, அவ்வளவுதான். தினமும் பயன்படுத்துறவங்க நமக்குப் புரியாத வேகத்துல கேப்பாங்க. அவங்க பக்கத்துல உக்காரணும். ஓ.டி.பி. எடுக்க மெசேஜுக்குப் போய்த் திரும்புறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருதா? வாயை மூடிட்டுக் குறிச்சுக்கணும், கை நீட்டி உதவிறக் கூடாது. வந்தவங்களுக்குக் காசு கொடுக்கணும், டீயும் சர்டிஃபிகேட்டும் போதாது.

பழக என்.வி.டி.ஏ. இலவசம், கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம். இன்டர்வியூவுக்குப் போனா நீங்களும் ஒண்ணு கேளுங்க: "உங்க ரிசர்ச் டீம்ல ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துறவங்க எத்தனை பேர் சம்பளம் வாங்குறாங்க?"